அருணோதயத்தின் காரும் உலகம்மாளின் காதும்

பாவூர்சத்திரம் ரயில்வே கேட்டுக்கு மேற்கே எங்கள் பட்டறைத் தெருவுக்கு வண்டியைக் கொண்டுவருகிற வெளியூர்க்காரர்கள் ஒரு விஷயத்தைப் பார்த்து முதலில் கொஞ்சம் மிரளத்தான் செய்வார்கள். என்ன கேட்டாலும் இந்தத் தெரு மெக்கானிக் பானட்டுக்குள் தலையை விட்டபடி பதில் சொல்லமாட்டான். ஸ்பேனரைக் கீழே வைத்து, தலையை வெளியே எடுத்து, கையைத் துடைத்து, எதிரில் நிற்கிறவர் முகத்தை நேராகப் பார்த்த பிறகுதான் வாயைத் திறப்பான். மரியாதை என்று சிலர் நினைக்கிறார்கள், திமிர் என்று சிலர் நினைக்கிறார்கள். இரண்டும் இல்லை. இது அருணோதயம் அண்ணாச்சியின் காருக்கு டைமிங் செயின் மாற்றிய வருஷத்தில் வந்த பழக்கம்.

அந்த வருஷம் ஆவணி மாதம், மேற்கே மலையில் சாரல் விட்டும் விடாமலும் இருந்த ஒரு காலையில், அண்ணாச்சியின் வெள்ளை அம்பாசடர், மலையடிவாரத்து ஊர்களிலிருந்து பிள்ளைத்தாய்ச்சிகளையும் நோயாளிகளையும் தென்காசி ஆஸ்பத்திரிக்கு ஏற்றி இறக்கியே உழைத்துத் தேய்ந்த அந்த வண்டி, கரகரவென்றும் கடகடவென்றும் முனகிக்கொண்டு குத்தாலிங்கம் பட்டறை வாசலில் வந்து நின்றது. அப்போது, மூன்று வயதில் வந்த காய்ச்சலுக்குப் பிறகு இடி விழுந்தாலும் மின்னலை மட்டுமே பார்த்துப் பழகிய உலகம்மாள், உள்ளே பெட்ரோல் கிண்ணத்தில் கார்பரேட்டர் கழுவிக்கொண்டிருந்தவள், தலையை நிமிர்த்தினாள். அவளுக்கு அது சத்தம் என்று தெரியாது. யாரோ தன் தலைக்குள் மணலைக் கொட்டிக் கடலை வறுக்கிறார்கள் என்றுதான் நினைத்தாளாம். கூரையைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், கிண்ணத்தைப் பார்த்தாள், பிறகு எழுந்து கயிறு கட்டி இழுத்த மாதிரி நேரே காரிடம் போனாள்.

உலகம்மாள் குத்தாலிங்கத்தின் மனைவி. பட்டறையில் பாதி வேலை அவளுடையது. எந்தப் பாதி என்று கேட்டால் கஷ்டமான பாதி என்று குத்தாலிங்கமே சொல்லுவான். மற்ற மெக்கானிக்குகள் நீளமான ஸ்குரூ டிரைவரை எஞ்சின் மேல் ஊன்றி, கைப்பிடியில் காதை வைத்து உள்ளே என்ன நோய் என்று பார்ப்பார்கள். உலகம்மாள் கைப்பிடியைத் தாடையில் வைத்துக்கொண்டு கண்ணை மூடுவாள், பேரிங்கா வால்வா என்று சொல்லிவிடுவாள். பாளையங்கோட்டையில் காது கேளாதவர்கள் பள்ளிக்கூடத்தில் படித்தவள், கைப்பேச்சு அவளுக்கு அருவி மாதிரி வரும். குத்தாலிங்கம் கல்யாணத்துக்குப் பிறகு அதை ஒழுங்காகவே கற்றுக்கொண்டான், அதில் அவனைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. தெருவிலேயே பெரிய தொண்டை அவனுக்குத்தான், அந்தத் தொண்டையை அவன் எப்போதும் பானட்டுக்குள் விட்டுத்தான் பேசுவான். முகமும் கையும் உள்ளே, முதுகு வெளியே. உலகம்மாள் அந்த முதுகோடு எத்தனை தரம்தான் மல்லுக்கட்டுவாள், பின்னால் வந்து சட்டையைப் பிடித்து இழுத்து இழுத்து அவனுக்குத் தையல் விடாத சட்டையே கிடையாது.

அன்றைக்கும் அவள் சட்டையைத்தான் இழுத்தாள்.

"என்னட்டி?" என்று அவன் திரும்பினான்.

"இந்தக் காருக்குள்ள என்னமோ ஓடுது. என் தலைக்குள்ளயும் ஓடுது" என்று கையால் சொன்னாள்.

"அதிர்வா இருக்கும்."

"அதிர்வு எனக்குத் தெரியாதா? அது இங்க வரும்." உள்ளங்கையைக் காட்டினாள். "இது இங்க வருது." காதைக் காட்டினாள்.

குத்தாலிங்கம் அவளைச் சுவரைப் பார்க்க நிற்கவைத்தான். அண்ணாச்சி சாவியைத் திருப்பினால் அவள் கையைத் தூக்க வேண்டும், அணைத்தால் இறக்க வேண்டும் என்று ஏற்பாடு. அண்ணாச்சி போட்டார், கை எழுந்தது. அணைத்தார், கை இறங்கியது. அவர் குறும்புக்காரர், போடுகிற மாதிரி போடாமல் இருந்தார், அணைக்கிற மாதிரி அணைக்காமல் இருந்தார், கை ஏமாறவே இல்லை. பிறகு ஹாரன் அடித்துப் பார்த்தார்கள், சம்மட்டியால் இரும்பைத் தட்டினார்கள், குத்தாலிங்கம் தன் முழுத் தொண்டையையும் திறந்து "உலகு!" என்று கூப்பிட்டான், கேட் பக்கத்துக் காக்காய்கள் எல்லாம் பறந்தன. கை அசையவில்லை. உலகத்தில் அவளுக்குக் கேட்கிற சத்தம் அந்தக் காரின் கடகடப்பு ஒன்றுதான் என்று ஆனது.

எதிரில் டீக்கடை போட்டிருக்கிற சுடலி இதை எல்லாம் கல்லாவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "கேக்கணும்னு இருந்தா கேக்கத்தான் செய்யும்" என்றாள். "அண்ணாச்சி, உங்களுக்குச் சீனி போடவா, வேண்டாமா?"

அண்ணாச்சி சீனி போட்டே குடித்தார்.

அதற்குள் உலகம்மாள் ஸ்குரூ டிரைவரைத் தாடையில் வைத்து நோயைக் கண்டுபிடித்திருந்தாள். எஞ்சினின் முன்பக்கம் ஒரு தகர மூடி உண்டு, அதற்குப் பின்னால் மேலே பெரிய பல்சக்கரம், கீழே சின்னப் பல்சக்கரம், இரண்டையும் சேர்த்து ஓடுகிற டைமிங் செயின். அந்தச் செயின் தேய்ந்து நீண்டு தொய்ந்துபோய், ஓடும்போதெல்லாம் மூடியை உள்ளிருந்து உரசுகிறது. இப்படியே ஓட்டினால் மூடி அறுந்து ஆயில் கொட்டும். அதற்கும் மேலே ஓட்டினால் செயினே அறுந்து, வால்வுகள் எல்லாம் நசுங்கி எஞ்சின் செத்துப்போகும். செயினையும் கவர் என்கிற அந்த மூடியையும் புதுசு போட வேண்டும். போட்டால் சத்தம் நின்றுவிடும். அந்தச் சத்தத்தை நிறுத்துங்கள் என்று சொல்லத்தான் அண்ணாச்சி காரைக் கொண்டுவந்திருந்தார்.

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சாமான் மதுரையில இருந்து வரணும், அண்ணாச்சி" என்றான் குத்தாலிங்கம்.

"வரட்டும்" என்றார் அருணோதயம். "நான் என்ன ரயிலுக்கா நிக்கேன்?"

இப்படித்தான் அந்தக் கார் எங்கள் தெருவில் தங்கியது. சாயங்காலம், வெயில் தாழ்ந்து கேட் நிழல் ரோட்டின் இந்தப் பக்கம் வரும்போது, எஞ்சினுக்கு வலிக்காத அளவுக்குக் கொஞ்ச நேரம் ஓடவிடுவார்கள், உலகம்மாள் மட்கார்டில் சாய்ந்து நின்று கேட்பாள். விஷயம் சந்தைக்குப் போயிற்று. சந்தையில் வாழைத்தார் ஏலம் எடுக்கிற மைதீன் பிச்சை மாமா, வயசானதில் காது சுத்தமாக அடைத்துப்போய், ஏலத்தில் மற்றவர் விரலைப் பார்த்தே காலம் ஓட்டுகிறவர், "காருக்குள்ள என்னவே சத்தம், உங்க சோலியப் பாருங்க" என்று திட்டுவதற்காகவே வந்தார். எஞ்சினைப் போட்டார்கள். மாமா ஆரம்பித்த திட்டைப் பாதியில் நிறுத்தினார். பெஞ்சில் உட்கார்ந்தார். அன்றையிலிருந்து அவருக்கு அந்தப் பெஞ்சில் ஓர் இடம் உண்டு.

பிறகு காது கேளாதவர்கள் கடையத்திலிருந்து வந்தார்கள், ஆலங்குளத்திலிருந்து வந்தார்கள், சுரண்டையிலிருந்து அண்ணன் தங்கை இரண்டு பேரும் சேர்ந்து வந்தார்கள், ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளைகளை வேன் வைத்துக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். காது உள்ளவர்களுக்கு அது ஒரு பழைய காரின் கரகரப்பு. காது கேளாதவர்கள் எல்லாருக்கும் அது உலகத்தின் முதல் சத்தம், அல்லது மைதீன் பிச்சை மாமா மாதிரி ஆட்களுக்குக் கடைசிச் சத்தம். ஊர் இதை ஏற்றுக்கொண்ட விதத்தைப் பார்த்தால் இதற்காகவே காத்திருந்தது போல இருந்தது. சுடலி பெஞ்சுகளைத் தெருவின் இந்தப் பக்கம் போட்டாள். சுண்டல்காரர் கேட்டடியை விட்டு இங்கே வந்தார். பஸ் கண்டக்டர்கள் "செயின் ஸ்டாப்பிங் எல்லாம் இறங்கு" என்றார்கள். கோயில் பூசாரி இது உலகம்மன் அருள் என்றார், சர்ச் பக்கத்தில் இது அண்ணாச்சியின் ஜெபம் என்றார்கள், பள்ளிவாசலில் மாமாவின் நோன்பு என்றார்கள், மூன்று தரப்பும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்ததால் சண்டை வளரவில்லை.

வந்தவர்கள் எல்லாரும் கண்ணீர் விட்டார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். இலஞ்சியிலிருந்து வந்த ஒரு தையல்காரர், பிறவியிலேயே கேளாதவர், ஒரு டீ குடிக்கிற நேரம் கவனமாகக் கேட்டுவிட்டு, "இவ்வளவுதானா? இதுக்கா நீங்க எல்லாரும் இத்தனை பெருமை அடிச்சுக்கிட்டிருந்தீங்க?" என்று கையால் கேட்டுச் சிரித்துக்கொண்டே பஸ் ஏறிப் போய்விட்டார். வேனில் வந்த பிள்ளைகளில் ஒருத்தி இது பல்லில் மண் கடிபடுவது போல இருக்கிறது என்றாள், இன்னொருத்தி பூனை நாக்கு மாதிரி என்றாள், அவர்களுக்குள் அதைப் பற்றிப் பெரிய வாக்குவாதம் நடந்தது, அத்தனையும் கையில். பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்கும் கை கொஞ்சம் கொஞ்சமாகப் பழகியது. டீ, சீனி கம்மி, இன்னொன்று, தள்ளி உட்கார், சும்மா இரு. இவ்வளவு தெரிந்தால் எங்கள் தெருவில் ஒரு மனுஷன் பிழைத்துக்கொள்ளலாம்.

எஞ்சின் ஓடும்போதெல்லாம் குத்தாலிங்கம் கையில் இருக்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டு உலகம்மாளின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பான். கேட்கிறதா, இப்போதும் கேட்கிறதா, நேற்று மாதிரியே கேட்கிறதா என்று அந்த முகத்திலேயே கண்ணை வைத்திருப்பான். சட்டை இழுக்கிற வேலை அவளுக்கு இல்லாமல் போனது.

சாமான் மதுரையிலிருந்து வந்துதான் இருந்தது. பார்சல் வந்த அன்றைக்கே குத்தாலிங்கம் அதைப் பரணில் பழைய ரேடியேட்டர்களுக்குப் பின்னால் தள்ளிவைத்துவிட்டு, கேட்டவர்களிடம் எல்லாம் "வரல" என்றான். அண்ணாச்சியிடம் சொல்லும்போது மட்டும் பானட்டுக்குள் தலையை விட்டுச் சொன்னான். அண்ணாச்சிக்குப் பொய் தெரியாதா? அவர் மலையடிவாரத்து ஆட்களுக்கு வேறு வண்டி சொல்லி அனுப்பினார், தன் டிரைவர் சட்டையை மடித்து டிக்கியில் வைத்தார், ஒன்றும் கேட்கவில்லை.

ஆனால் செயினுக்குத் தயவு தாட்சண்யம் உண்டா? புரட்டாசி பிறந்ததும் சத்தம் தடித்தது. ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மத்தியானம் உலகம்மாள் எஞ்சின் மூடியில் உள்ளங்கையை வைத்தாள், எடுத்தபோது கை கறுப்பாக இருந்தது. செயின் மூடியை உள்ளிருந்து அறுத்து ஒரு கீறல் விழுந்து, ஆயில் வழிந்து, அவள் கால்மாட்டில் சொட்டிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து மலைப்பக்கத்திலிருந்து ஒருவன் சைக்கிளில் இரைக்க இரைக்க வந்தான்.

"அண்ணாச்சி, அம்மைக்கு மூச்சு முட்டுது. வண்டி எடுங்க."

அருணோதயம் காரைப் பார்த்தார். உலகம்மாளைப் பார்த்தார். "வண்டி வேலையில கெடக்குப்பா" என்றார். அவரே ஓடிப்போய்க் கேட்டடியில் ஒரு ஆட்டோவைப் பிடித்து அவனை ஏற்றி அனுப்பிவிட்டு வந்து, பெஞ்சில் தலையைக் குனிந்து உட்கார்ந்தார். உலகம்மாள் உதட்டைப் படித்திருந்தாள்.

அவள் நேரே பரணில் ஏறினாள். ரேடியேட்டர்களைத் தள்ளினாள், பார்சலை எடுத்துக்கொண்டு இறங்கினாள், குத்தாலிங்கத்தின் முன்னால் போட்டாள்.

"உனக்குத் தெரியுமா?" என்று அவன் கேட்டான்.

"நீ வச்ச அன்னைக்கே தெரியும். நானும் சும்மாதான் இருந்தேன்."

"உனக்காகத்தான் உலகு. இது போனா உனக்கு வேற என்ன இருக்கு?"

இதைக் கேட்டதும் அவளுக்கு வந்த கோபத்தில் கை காற்றை வெட்டியது. "என்ன இருக்கா? காது எனக்கு நேத்து வந்தது. கை எனக்கு எப்பவும் இருக்கு. இந்தக் கை ஒரு எஞ்சின் சாகுறதைப் பாத்துக்கிட்டு நிக்காது." அப்புறம் கொஞ்சம் தணிந்து, "எனக்கும் வருத்தமாத்தான் இருக்கு. கழட்டு" என்றாள்.

(கைப்பேச்சில் நீ என்றும் நீங்கள் என்றும் வித்தியாசம் கிடையாது. அவள் மாமியார் இருந்த காலத்தில் அதில் அவருக்குப் பெரிய மனத்தாங்கல்.)

மைதீன் பிச்சை மாமா வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "எம்மா, நீ சத்தம் கேக்காமலே பொறந்தவ மாதிரி. நான் அப்படியா? பேரன் பேத்தி சத்தம் எல்லாம் கேட்டுட்டு இழந்தவன். எனக்கு மிச்சம் இது ஒண்ணுதான்." அவர் அழுதார். அவள் அவர் கண்ணைத் துடைத்துவிட்டு, சத்தம் நின்றாலும் தினமும் வாருங்கள் என்று சைகை காட்டினாள். "சத்தம் இல்லாம எதுக்கு வரணும்?" என்று அவர் கேட்டார்.

அன்று சாயங்காலம் கடைசியாக ஒரு தரம் எஞ்சினை ஓடவிட்டார்கள். ஆயில் சொட்டச் சொட்ட அது கடகடத்தது, பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் மூச்சைப் பிடித்துக் கேட்டார்கள், யாரும் போதும் என்று சொல்லத் துணியவில்லை. உலகம்மாள்தான் கதவைத் திறந்து உள்ளே கையை நீட்டிச் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தாள்.

பிறகு இரண்டு பேருமாகக் கழற்றினார்கள். ரேடியேட்டர் தண்ணீரை இறக்கி, காற்றாடியை எடுத்து, பெல்ட்டை எடுத்து, எவ்வளவு தட்டினாலும் அசையமாட்டேன் என்று அடம்பிடித்த புல்லி நட்டை எடுத்து, மூடியைத் திறந்து, பல்சக்கரங்கள் இரண்டையும் பழைய செயினோடு சேர்த்து உருவி, எல்லாவற்றையும் கழுவித் துடைத்து ஒரு சாக்கின் மேல் வரிசையாகப் பரப்பினார்கள். மறுநாள் ஆயுத பூஜை. எங்கள் தெருவில் அன்றைக்கு ஒரு ஸ்குரூவைத் திருகினாலும் குற்றம். பொரியும் கடலையும் வைத்து, பூசணிக்காய் உடைத்து, சுடலி சந்தனக் கிண்ணத்தையும் குங்குமத்தையும் எடுத்துக்கொண்டு வந்து, ஜாக்கிக்கும் ஸ்பேனருக்கும் புதுச் செயினுக்கும் புதுக் கவருக்கும் பொட்டு வைத்தாள். பல்சக்கரங்கள் இரண்டும் அழகாக இருக்கவே அவற்றுக்குக் கொஞ்சம் தாராளமாகவே வைத்தாள். அண்ணாச்சி வேதக்காரர், சர்ச்சுக்குப் போகிறவர், என்றாலும் தன் காரின் சாமான்களுக்கு நடக்கிற பூஜை என்பதால் செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக நின்றார்.

இங்கேதான் தப்பு நடந்தது. டைமிங் செயின் போடுகிறவர்களுக்குத் தெரியும், மேல் சக்கரத்தில் ஒரு புள்ளி குத்தியிருக்கும், கீழ்ச் சக்கரத்தில் ஒரு புள்ளி குத்தியிருக்கும், இரண்டு புள்ளிகளும் ஒன்றையொன்று நேருக்கு நேர் பார்க்கும்படி வைத்துத்தான் செயினை ஏற்ற வேண்டும். ஒரு பல் தள்ளினாலும் எஞ்சினின் மூச்சு பிசகிவிடும். சுடலி அப்பிய சந்தனம் மேல் சக்கரத்தின் புள்ளிக் குழியை நிரப்பிக் காய்ந்து ஒன்றுமில்லாமல் ஆக்கியிருந்தது. பக்கத்துப் பல்லில் அவள் வைத்த குங்குமப் பொட்டு, துடைத்த பிறகும் சின்னதாக, கச்சிதமாக, குத்திய புள்ளி மாதிரியே தங்கியிருந்தது. மற்ற நாளாக இருந்தால் உலகம்மாள் விரலால் தடவிப் பார்த்திருப்பாள். விஜயதசமி காலையில் அவள் கண் நிறைந்திருந்தது. பொட்டைப் புள்ளி என்று எடுத்துக்கொண்டு செயினை ஏற்றினாள், கேஸ்கட் வைத்து, புதுக் கவரைப் போட்டு முடுக்கினாள்.

தெரு முழுக்கக் கூடியிருந்தது. அண்ணாச்சி டிரைவர் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்து சாவியைத் திருப்பினார்.

எஞ்சின் ஓடியது. மற்ற எல்லாம் நின்றது.

கேட்டில் மணி அடித்துக்கொண்டிருந்தது, மணி ஆடுவது தெரிந்தது, சத்தம் இல்லை. வெல்டிங் கடையில் பொறி பறந்தது, சத்தம் இல்லை. சுடலி கையிலிருந்து கண்ணாடி கிளாஸ் விழுந்து தூள்தூளாக உடைந்தது, பூ உதிர்கிற மாதிரி உதிர்ந்தது. குத்தாலிங்கம் வாயை முழுக்கத் திறந்து என்னவோ கத்தினான், தெருவின் பெரிய தொண்டையிலிருந்து ஒரு துளி வரவில்லை. கேட்டிலிருந்து கோழிக்கடை வரைக்கும் அத்தனை பேருக்கும் காது அடைத்துப்போயிற்று. நாங்கள் ஒருவர் வாயை ஒருவர் பார்த்தோம், எல்லார் வாயும் மீன் வாய் மாதிரி திறந்து திறந்து மூடியது, சொல்லவே வெட்கம், நன்றாகப் பயந்துபோனோம்.

உலகம்மாளுக்கும் ஒன்றும் கேட்கவில்லை. அவள் தன் சத்தம் போய்விட்டதை ஒரு நிமிஷம் நின்று உணர்ந்தாள். பிறகு எங்கள் முகங்களைப் பார்த்தாள், என்ன நடந்திருக்கிறது என்று அவளுக்குத்தான் முதலில் புரிந்தது, பெஞ்சின் மேல் ஏறி நின்று இரண்டு கையையும் உயர்த்தினாள்.

"பயப்படாதீங்க" என்றாள். "சும்மா இருங்க. தள்ளி உக்காருங்க. டீ குடிங்க."

முதல் வார்த்தையைத் தவிர அத்தனையும் எங்களுக்குத் தெரிந்த வார்த்தை. நாங்கள் தள்ளி உட்கார்ந்தோம். சுடலி பாலைக் காய்ச்சினாள், காதால் பார்க்கிற பாலைக் கண்ணால் பார்க்கத் தெரியாமல் ஒரு தரம் பொங்கவிட்டாள், அப்புறம் பழகினாள். ஒருவன் சீனி கம்மி என்று காட்டினான். இன்னொருவன் எனக்கு இன்னொன்று என்றான். கையெல்லாம் மெல்ல மெல்ல மேலே எழுந்தது. மைதீன் பிச்சை மாமா நடுப்பெஞ்சில் உட்கார்ந்து இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார், ஊரே தன்னோடு வந்து உட்கார்ந்திருப்பதைக் கண்டு தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார். கேட் கீப்பர் சிவப்புக் கொடியோடு ஓடிவந்து, போன் மணி கேட்கவில்லை, அடுத்த ரயிலுக்கு முன்னால் இதை நிறுத்தியே ஆக வேண்டும் என்று கொடியாலேயே சொன்னார், அவரையும் உட்காரவைத்து ஒரு டீ கொடுத்தார்கள்.

குத்தாலிங்கம் பட்டறைப் படியில் உட்கார்ந்துவிட்டான். அவன் முகம் வெளுத்திருந்தது. உலகம்மாள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"எப்பவும் இப்படித்தானா?" என்று அவன் கையால் கேட்டான்.

"எப்பவும் இப்படித்தான்."

"யாராவது பின்னால இருந்து வந்தா?"

"தெரியாது."

"முதுகைக் காட்டிக்கிட்டுப் பேசினா?"

அவள் அவன் சட்டையைப் பின்னாலிருந்து ஒரு தரம் இழுத்துக் காட்டினாள். அவன் தன் கையைப் பார்த்தான், பானட்டைப் பார்த்தான், பிறகு வெகுநேரம் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டே இருந்தான்.

அவள்தான் முதலில் எழுந்தாள். புதுக் கவரின் மேல் உள்ளங்கையை வைத்தாள், நெற்றியைச் சுருக்கினாள், எஞ்சின் நொண்டுவது அவள் கைக்குத் தெரிந்தது. ஒரு பல் தப்பு என்று விரலைக் காட்டினாள். சுடலியைப் பார்த்தாள், நெற்றியைத் தொட்டுப் பொட்டு என்றாள். சுடலி சாமிக்குத்தானே வைத்தேன் என்று வானத்தைக் காட்டி ரோசப்பட்டாள். இப்படியே விட்டால் வண்டியை ரோட்டில் ஓட்ட முடியாது, காது அடைத்த டிரைவரும் காது அடைத்த ரோடும் சேர்ந்தால் ஆஸ்பத்திரிக்கு நோயாளி குறைவில்லாமல் போவார்கள். ஆகவே அடுத்த ரயில் வருவதற்குள் அண்ணாச்சி எஞ்சினை அணைத்தார். மணிச் சத்தமும் ஹாரன் சத்தமும் கோழிச் சத்தமும் ஒரே நேரத்தில் எங்கள் மேல் வந்து விழுந்தன, கொஞ்ச நேரத்துக்கு எல்லாரும் காதைப் பொத்திக்கொண்டோம்.

மறுநாள் காலையில் எல்லாவற்றையும் திரும்பக் கழற்றி, உலகம்மாள் ஒரு ஊக்கால் சந்தனத்தை நோண்டி எடுத்தாள், புள்ளி வெளியே வந்தது. இந்தத் தரம் விரலால் தடவிப் பார்த்து, இரண்டு புள்ளிகளையும் நேருக்கு நேர் நிறுத்தி, செயினை ஏற்றினாள். வேலை முடிகிற நேரம் மைதீன் பிச்சை மாமா வந்து தன் இடத்தில் உட்கார்ந்தார். கேட்பதற்கு இனி ஒன்றும் இல்லை என்று யாரோ சைகையில் சொன்னார்கள். அவர் "தெரியும், தள்ளி உக்காரு" என்று சைகையிலேயே சொல்லிவிட்டு ஒரு டீ கேட்டார். சுரண்டை அண்ணனும் தங்கையும் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள்.

அண்ணாச்சி சாவியைத் திருப்பினார். எஞ்சின் தூங்குகிற பிள்ளை மூச்சு விடுகிற மாதிரி ஓடியது. கேட் மணி கேட்டது, காக்காய் கேட்டது, ஒரு கடகடப்பும் இல்லை. பானட்டுக்குள் குனிந்திருந்த குத்தாலிங்கம், "நல்லாருக்கு" என்று உள்ளே சொல்ல வாயெடுத்தவன், சொல்லாமல் நிறுத்தி, தலையை வெளியே எடுத்து, கையைத் துடைத்து, திரும்பி உலகம்மாளைப் பார்த்தான்.

உலகம்மாள் கையைத் தூக்கினாள்.

அவன் ஸ்பேனரைப் போட்டுவிட்டு ஓடினான். "கேக்குதா? இன்னும் கேக்குதா?"

"இல்ல" என்றாள். "பொய் சொன்னேன்."

"ஏன்?"

"அந்தச் சத்தம் ஒண்ணும் அவ்வளவு நல்லா இல்ல. அது ஓடுற வரைக்கும் நீ என் முகத்தையே பாத்துக்கிட்டு நின்னே பாரு, அது நல்லா இருந்துச்சு. இனியும் பாப்பியான்னு பாத்தேன்."

அண்ணாச்சி ஹாரன் அடித்தார், மலைப்பக்கத்தில் யாரோ காத்திருக்கிறார்கள். குத்தாலிங்கம் அவளைப் பார்த்தபடியே பின்னால் கையை நீட்டிப் பானட்டை மூடினான்.